பதினொன்று பத்துக்கு வந்தவள்

தஸ்நேவிஸின் ஸ்கூட்டர் வெள்ளையளத்துக்குள் நுழைந்தால் மூன்று காரியங்கள் நடக்கும். தெருவில் படுத்திருக்கும் நாய் எழுந்து அடுத்த ஊருக்குக் குடிபோகும். பாத்தியில் பாதி விளைந்திருந்த உப்பு, பயத்தில் மீதியும் விளைந்துவிடும். பிள்ளை பெற்று வீட்டில் கிடப்பவள், பிள்ளையின் கண்ணில் தீட்டியிருந்த மையை முந்தானையால் அவசரமாகத் துடைப்பாள். முதல் இரண்டும் கொஞ்சம் கூட்டிச் சொன்னது. மூன்றாவது சத்தியம்.

கிராமச் செவிலியாக இருபத்தெட்டு வருஷம். எட்டு உப்பளக் கிராமங்களில் அவள் காது குத்தச் சொன்ன பிள்ளைகளே இப்போது பிள்ளை பெறுகிறார்கள். அவளுக்குத் தெரியாமல் அந்தக் கரையில் யாரும் தும்மியதுகூட இல்லை.

அவள் பையில் சோப்பு டப்பா அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி உண்டு. அதற்குக் 'கண்காவல்' என்று பெயர். பெட்டியின் ஒரு முனையில் ரப்பர் விளிம்பு, நடுவே ஒரு கண்ணாடிச் சில்லு. பிறந்த பிள்ளையின் இமையைப் பிரித்து அதை வைத்தால் போதும். கண்ணைப் படமெடுத்து, சிவப்பு உண்டா, பீளை உண்டா, பிறக்கிற வழியில் ஒட்டிக்கொண்ட கிருமி ஏதும் உண்டா என்று மூன்று நொடியில் சொல்லிவிடும். முதல் நாள், மூன்று, ஐந்து, ஏழு, பதினான்கு, இருபத்தெட்டு. ஆறு முறை பார்க்க வேண்டும். அந்தக் கிருமி லேசுப்பட்டதல்ல. மூன்றாம் நாள் மஞ்சளாகப் பீளை தள்ளும். இரண்டு நாள் அசந்தால் கருவிழியைத் தின்றுவிட்டு ஏப்பம் விடும். கண்காவல் வந்த முதல் வருஷமே அந்த மாவட்டத்தில் பதினேழு பிள்ளைகளின் கண் தப்பியது. அதில் பொய்யே இல்லை.

கோளாறு இரண்டாம் வருஷம்தான் வந்தது. ஒரு பச்சைப் பொத்தான் வடிவத்தில்.

அதைச் சொல்லிக் கொடுக்க நகரத்திலிருந்து ஒரு பையன் வந்தான். மீசையை வரைந்து ஒட்டினாற்போல் இருப்பான்.

"அக்கா, ராத்திரி இட்லி மாவக் கரைச்சு வைக்கீங்க. காலையில எவ்வளவு பொங்கும்னு உங்களுக்கு அப்பமே தெரியும்லா?"

"தெரியும்."

"அதேதான் இது. முதல் நாள் கண்ணப் பாத்தா, மூணாம் நாள் எப்படி இருக்கும்னு மிஷினுக்குத் தெரியும். நீங்க போக முடியலைன்னா பச்சையத் தட்டுங்க. மூணாம் நாள் கண்ண அதுவே வரைஞ்சு, பாத்தாச்சுன்னு போட்டுரும்."

"சில நாள் மாவு பொங்காதே தம்பி."

"நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு பொங்கும்."

"மீதி ரெண்டு?"

பையன் சிரித்தான். "அந்த ரெண்டுக்குத்தான் நீங்க இருக்கியள்ல."

கூடியிருந்த நாற்பது செவிலியரும் சிரித்தார்கள். தஸ்நேவிஸும் சிரித்தாள். மழைக்காலத்தில் உப்பள வரப்பில் ஸ்கூட்டர் ஓட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தச் சிரிப்பின் அர்த்தம் புரியும்.

அடுத்த தை மாதம், வெள்ளையளத்து வெயிலுகந்தாளுக்குப் பெண் பிள்ளை பிறந்தது. சான்விகா என்று பெயர். பெயரைத் தேர்ந்தெடுக்கப் புருஷன் பிரசவத்துக்கு முன்பே பத்து நாள் போனும் கையுமாக அலைந்தான், உச்சரிக்க மாமியார் இன்னும் அலைகிறாள். முதல் நாள் தஸ்நேவிஸே நேரில் போனாள். அன்றைக்கு அவளுக்குப் பிறந்தநாள். வருஷத்தில் அந்த ஒரு நாள் மட்டும் தலையில் ஒரு முழம் கனகாம்பரம் வைப்பாள். பூவோடு குனிந்து பிள்ளையின் கண்ணைப் பார்த்தாள். பச்சைத் தண்ணீர் மாதிரி தெளிந்த கண். "ஏளா, உம்மவ கண்ணு முழிக்கிற முழியப் பாத்தா கலெக்டராத்தான் வருவா," என்று சொல்லிவிட்டு வந்தாள்.

மூன்றாம் நாள் மாவட்டத் தலைநகரில் அவளுக்குப் பாராட்டு விழா. ஒரு பார்வைகூடத் தவறவிடாத செவிலியர் என்று சான்றிதழ். மேடைக்குக் கீழே வரிசையில் நின்றபோது மேலதிகாரி ஒருவர் வந்து காதில் சொன்னார்: "இன்னிக்குக் கணக்கு மேடையிலயே திரையில வரும். பாக்கி இருந்தா பச்சையத் தட்டிருங்கம்மா." ஒரு கையில் லட்டும் மிக்சரும் இருந்த அட்டைப் பெட்டி, மறு கையில் கண்காவல். பதினொரு பிள்ளைகளின் பெயரை வரிசையாகத் தட்டினாள். ஐந்தாவது பெயர் சான்விகா.

ஐந்தாம் நாள் ஸ்கூட்டர் பஞ்சர். தட்டினாள். ஏழாம் நாளுக்குக் காரணம் என்று எதுவும் கிடையாது. பழகிவிட்டது, அவ்வளவுதான்.

பதினான்காம் நாள் எடை பார்க்க நேரில் போக வேண்டியிருந்தது. வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தினாள். உள்ளே யாரும் மையைத் துடைக்கும் அவசரத்தில் இல்லை. வெயிலுகந்தாள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

பிள்ளையின் இமைகள் ஒட்டியிருந்தன. வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைத்துப் பிரித்துப் பார்த்தாள் தஸ்நேவிஸ். இரண்டு கண்ணிலும் கருவிழி இருந்த இடத்தில் வெந்த முட்டையின் வெள்ளை.

"எப்பம்ளா ஆரம்பிச்சுது?"

"மூணாம் நாளு, மஞ்சளாப் பீளை தள்ளுச்சுக்கா. தாய்ப்பால் விட்டேன்."

"ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடிவர வேண்டியதுதான?"

வெயிலுகந்தாள் தலைமாட்டில் இருந்த போனை எடுத்து நீட்டினாள். அதில் மூன்று செய்திகள் இருந்தன. மூன்றும் அச்சு வார்த்தாற்போல் ஒன்று. 'செவிலியர் தஸ்நேவிஸ் இன்று 11.10 மணிக்குத் தங்கள் குழந்தையின் கண்களைப் பார்த்தார். கண் நலம்.' பெட்டி வந்ததிலிருந்து தஸ்நேவிஸ் அந்தத் தெருவுக்குள் நுழைந்த நேரங்களையெல்லாம் சலித்துப் பார்த்து, மிஷின் அவளுக்கென்று குறித்து வைத்திருந்த நேரம் அது.

"ஒங்க ஸ்கூட்டர் சத்தம் கேக்கவேயில்ல. அத்தைட்டக் கேட்டேன். இப்பல்லாம் வராமயே மேலருந்து பாக்குற மிஷினு வந்துட்டுன்னாவ. பீளை நிக்காமத் தள்ளுச்சு. பயமா இருந்துச்சு. ஆனா நலம்னு எழுதி வந்துருக்கு. எங்கண்ண விட கெவருமெண்டு கண்ணு பெருசுல்லாக்கா?"

தஸ்நேவிஸ் மூன்று செய்தியையும் திரும்பத் திரும்பப் படித்தாள். அவள் முகத்தைப் பார்த்த மாமியார் பயந்துபோய் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

"நான் வரலளா," என்றாள் கடைசியில். "மூணாம் நாளும் வரல, அஞ்சாம் நாளும் வரல, ஏழாம் நாளும் வரல. ஒரு பொத்தான்தான் அமுக்குனேன்."

வெயிலுகந்தாள் அழவில்லை, திட்டவில்லை. அவள் கேட்டது ஒன்றுதான்.

"அப்பம் வந்தது யாரு?"

தஸ்நேவிஸ் பெட்டியைப் பிள்ளையின் கண்ணில் வைத்தாள். மூன்று நொடி கழித்து எழுத்து வந்தது: 'கண் பொருந்தவில்லை. இது வேறு குழந்தை.' மறுபடி வைத்தாள். மறுபடியும் அதே எழுத்து.

பெரிய கண்ணாஸ்பத்திரி டாக்டரம்மா ஒளிவு மறைவில்லாமல் சொன்னார். கிருமியை மருந்தால் நிறுத்தியாகிவிட்டது, ஆனால் இரண்டு விழியும் வெந்துவிட்டது. வலது கண்ணுக்கு மட்டும் மாற்றுக் கருவிழி வைத்துப் பார்க்கலாம். "ஆனா மூணு மாசத்துக்குள்ள வைக்கணும். குழந்தை மூளை இப்பதான் பாக்கப் பழகுது. இந்த வயசுல வெளிச்சம் உள்ள போகலன்னா, அப்புறம் கண்ணு திறந்தாலும் மூளை கதவு திறக்காது. காத்திருப்போர் பட்டியல்ல பேரு ஏறணும். பட்டியல் கண்காவல் பதிவைத்தான் கேக்குது. அதுல இந்தக் குழந்தைக்குக் கண்ணு நல்லா இருக்குன்னு இருக்கே."

அன்று வீட்டுக்கு வந்ததும் தஸ்நேவிஸ் பெட்டியை டிவி திரையில் மாட்டி, சான்விகாவின் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். மூன்றாம் நாள் கண், தெளிவு. ஐந்தாம் நாள், இன்னும் தெளிவு. ஏழாம் நாள் கொஞ்சம் அகலத் திறந்து எதையோ கூர்ந்து பார்த்தது. எதைப் பார்க்கிறது என்று படத்தைப் பெரிதாக்கினாள்.

விழியின் கறுப்புக்குள்ளே, கடுகளவு, ஒரு பெண் குனிந்து நின்றாள். தலையில் கனகாம்பரம்.

முதல் நாள் விழியில் விழுந்த தன் நிழல்தான் அது என்று தஸ்நேவிஸுக்குப் புரிந்தது. கண்ணை வரைந்த மிஷின், கண்ணுக்குள் இருந்தவளையும் சேர்த்தே வரைந்திருக்கிறது. புரிந்த பிறகும் முதுகில் யாரோ ஈரக்கையை வைத்தாற்போல் இருந்தது. ஏனென்றால் அந்தப் பெண் முதல் நாள் நின்ற மாதிரி நிற்கவில்லை. ஐந்தாம் நாள் இன்னும் பக்கத்தில் வந்திருந்தாள். ஏழாம் நாள் பிள்ளையைப் பார்த்துச் சிரித்தாள். முகத்தில் அவசரம் இல்லை, அடுத்த வீட்டுக் கவலை இல்லை. இருபத்தெட்டு வருஷத்தில் தஸ்நேவிஸ் எந்தப் பிள்ளையையும் அத்தனை நிதானமாகப் பார்த்ததில்லை.

மற்ற பிள்ளைகளைத் திறந்தாள். அவள் பொத்தானைத் தட்டிய இருநூற்றுச் சொச்சம் கண்களிலும் ஒரு தஸ்நேவிஸ் இருந்தாள். ஒன்றில் குடையோடு, ஒன்றில் வியர்வையோடு, எல்லாவற்றிலும் சரியான நாளில், சரியான நேரத்தில். ஒருநாள்கூடத் தவறாத செவிலி அவள்தான். சான்றிதழ் அவளுக்குத்தான் சேரும்.

மறுநாள் காலையில் தஸ்நேவிஸ் திட்ட அதிகாரியின் அறை வாசலில் நின்றாள். சிவஞானபாண்டியன் நல்ல மனிதர். கோப்பில் ஈ உட்கார்ந்தால்கூட அதன் விளக்கத்தைக் கேட்டுவிட்டுத்தான் விரட்டுவார்.

"சார், நான் போகல சார்."

"எங்கம்மா?"

"வெள்ளையளத்துக்கு. மூணு, அஞ்சு, ஏழு. மூணு நாளும் போகல."

அவர் திரையைப் பார்த்தார். "போயிருக்கீங்களே."

"பச்சையத் தட்டுனேன் சார்."

"பதிவுல பச்சை சிவப்புன்னு ஒண்ணும் கிடையாதும்மா. 'பார்த்தாச்சு', அவ்வளவுதான். படம் இருக்கு, நேரம் இருக்கு. படத்துல நீங்களே தெரியறீங்க, பாருங்க. பூவெல்லாம் வச்சிருக்கீங்க."

"அது நான் இல்ல சார்."

"உங்க மூக்கு உங்களுக்கே தெரியலையா? ரொம்ப அலைச்சல் உங்களுக்கு. பத்து நாள் லீவு போடுங்க."

அரசாங்கம் என்று ஒன்று தோன்றிய காலத்திலிருந்து, போகாத வேலைக்குப் போனேன் என்று சாதித்தவர்கள் கோடிப் பேர் இருப்பார்கள். போகவில்லை என்று நிரூபிக்க ஏறக்குறைய இரண்டு மாதம் நடையாய் நடந்த ஒரே பிறவி தஸ்நேவிஸாகத்தான் இருக்க வேண்டும். பஞ்சர் ஒட்டிய கடைக்காரரைச் சாட்சிக்குக் கூட்டி வந்தாள். மனிதச் சாட்சி செல்லாது என்றார்கள். வெயிலுகந்தாளே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். கண்காவலை வைத்தார்கள். 'வேறு குழந்தை.' அவள் யாருடைய பிள்ளையையோ தூக்கி வந்திருக்கிறாள் என்று ஒரு குமாஸ்தா சொல்ல, தஸ்நேவிஸ் அவனைப் பார்த்த பார்வையில் மேஜைமேல் இருந்த டீ ஆறிப்போனது.

ஒவ்வொரு நாளும் இரவு படுக்கும்முன் பெட்டியைத் திறந்து பார்ப்பாள். முடிக்காத கணக்கு என்பதால் சான்விகாவின் கண்ணை மிஷின் வரைந்துகொண்டே இருந்தது. அந்தக் கண் வளர்ந்தது. நிறங்களைப் பார்க்கப் பழகியது. கனகாம்பரக்காரி விரலை ஆட்டினால் விரலோடு திரும்பியது. பெட்டிக்குள் ஒரு பிள்ளை கண்ணோடு வளர, வெள்ளையளத்தில் ஒரு பிள்ளை வெளிச்சம் எந்தப் பக்கம் என்று தெரியாமல் கிடந்தது. மூன்று மாதத்துக்கு இன்னும் இருபது நாள்தான் பாக்கி.

கடைசியாகப் போன அன்று அதிகாரி டீ குடித்துக்கொண்டிருந்தார். தஸ்நேவிஸ் அவர் தலைக்கு மேலே சுவரில் இருந்த பெரிய படத்தைக் கழற்றி மேஜையில் வைத்தாள். பாராட்டு விழாப் படம்.

"இதுல சான்றிதழ் குடுக்குறது யாரு சார்?"

"நான்."

"வாங்குறது?"

"நீங்க."

"பின்னால திரையில தேதி, நேரம் ஓடுது. படிங்க."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். தேதி, சான்விகாவுக்கு மூன்றாம் நாள். நேரம் பதினொன்று பத்து.

"வெள்ளையளம் இங்கருந்து நாப்பது கிலோமீட்டரு. ஒண்ணு, நான் அங்க போகல. இல்லன்னா, நீங்க சான்றிதழ் குடுத்தது பேய்க்கு. ரெண்டுல எதுன்னு நீங்களே எழுதிக் குடுங்க சார், நான் ஒத்துக்கிடுதேன்."

அவர் படத்தில் இருந்த தஸ்நேவிஸையும் எதிரில் நின்ற தஸ்நேவிஸையும் மாறிமாறிப் பார்த்தார்.

"இதை ஒத்துக்கிட்டா," என்றார் மெதுவாக, "ஒரு பிள்ளையோட நிக்காதும்மா. மாவட்டம் பூரா எத்தனை பார்வை நிஜம்னு கேப்பாங்க. திட்டம் அடுத்த மாசம் அஞ்சு மாநிலத்துக்குப் போகுது."

"கேக்கட்டும்."

"கேக்க விடமாட்டாங்க. ஒரு பிள்ளைக்கு மட்டும்தான் என்னால திருத்த முடியும். அதுக்கும் காரணம் எழுதணும். 'செவிலியரின் தவறு'ன்னுதான் எழுத முடியும். உங்களுக்கு வேலை போயிரும்."

"தப்பு என்னுதுதான சார். எழுதுங்க."

அவர் எழுதினார். பேனாவை மூடியவர் உடனே எழுந்திருக்கவில்லை. போனை எடுத்து வீட்டுக்குப் பேசினார். "சுபா, பாப்பா தூங்குதா? எழுப்பு. இமையைப் பிரிச்சுக் கண்ணப் பாரு. இல்ல, மெசேஜ்ல என்ன வந்துச்சுன்னு சொல்லாத. கண்ணப் பாத்துச் சொல்லு."

சான்விகாவுக்கு எண்பத்து மூன்றாம் நாள் வலது கண்ணில் யாரோ ஒரு புண்ணியவானின் கருவிழி வைத்தார்கள். கட்டுப் பிரித்து ஒரு வாரம் கழித்து, வெயிலுகந்தாள் பிள்ளையை உப்புக் குவியலுக்கு எதிரே வைத்தாள். அத்தனை வெள்ளைக்கு முன்னால் பிள்ளை முகத்தைச் சுளித்துத் தலையைத் திருப்பியது. கூசுகிறது. தஸ்நேவிஸ் வரப்பில் உட்கார்ந்து அழுத அழுகையில் இரண்டு பாத்தி உப்பு கரைந்துபோனதாகக் கரையில் இன்றைக்கும் பேச்சு. இடது கண்ணில் பார்வை திரும்பவில்லை. அதைப் பற்றி வெயிலுகந்தாள் ஒன்றும் சொல்வதில்லை. சொல்லாததுதான் தஸ்நேவிஸோடு வீடு வரை நடந்து வருகிறது.

கறுப்புப் பெட்டியை வாங்கிக்கொண்டார்கள். அவள் இடத்துக்கு வேறு செவிலி வருவாள் என்று இரண்டு மாதம் காத்திருந்துவிட்டு, சுகாதார நிலையத்தில் போய்க் கேட்டாள்.

"காலியிடமே இல்லையேக்கா," என்றாள் அங்கே இருந்த பெண், திரையைக் காட்டி. "எட்டு ஊருக்கும் தஸ்நேவிஸ்னு ஒருத்தவங்க போய்க்கிட்டுத்தான் இருக்காங்க. ஒருநாள் தவறல. முதல் நாள் படம் ஆஸ்பத்திரியிலயே எடுத்துருவோம். மிச்சத்த அவங்க பாத்துக்கிடுதாங்க."

அன்றிலிருந்து தஸ்நேவிஸுக்கு ஓய்வு போயிற்று. சம்பளம் கிடையாது, பெட்டி கிடையாது. ஒரு டார்ச், ஒரு பஞ்சுப் பொட்டலம், ஆறவைத்த வெந்நீர் ஒரு போத்தல். எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் நாள் எண்ணிக் கிளம்பிவிடுவாள். நாய்கள் மறுபடி ஊர் மாறின. முதலில் அவளுக்குப் பத்து நிமிஷம் முந்தியே மற்றவள் வந்து போயிருப்பாள். "இப்பத்தானக்கா மெசேஜ் வந்துச்சு, நீங்க பாத்துட்டுப் போய்ட்டியன்னு," என்பார்கள். எந்த வீட்டுக்குப் போனாலும் அவளுக்கு முன்னால் அவள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது, உள்ளிருந்து கனகாம்பர வாசனை வருகிறதா என்று மூக்கு தானாகத் தேடும். கனகாம்பரத்துக்கு வாசனையே கிடையாது என்பது அப்புறம்தான் நினைவுக்கு வரும்.

அதனால் கொஞ்சம் கொஞ்சமாக முந்திக் கிளம்ப ஆரம்பித்தாள்.

புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, வெள்ளையளத்தில் தங்கபுஷ்பத்தின் வீடு. ஆண் பிள்ளை, மூன்றாம் நாள். தஸ்நேவிஸ் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தியபோது தங்கபுஷ்பம் கதவைத் திறந்து திகைத்தாள்.

"என்னக்கா, அதுக்குள்ள வந்துட்டிய? இன்னும் மெசேஜே வரலையே."

"வராட்டி என்ன. பிள்ளையக் கொண்டா."

கையைக் கழுவிக்கொண்டு குனிந்தாள். இமையைப் பிரித்து டார்ச்சை அடித்தாள். வலது கண் சுத்தம். இடது கண்ணின் மூக்கோரத்தில், மஞ்சளாக, ஒரு அரிசிக் குறுணை அளவு.

"சேல மாத்தாத. அப்படியே வண்டியில ஏறு. பெரியாஸ்பத்திரிக்குப் போறோம்."

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. இப்பம் போனா ஒண்ணுமில்ல."

தங்கபுஷ்பம் பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தபோது ஜன்னலில் இருந்த போன் கிணுகிணுத்தது. இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். 'செவிலியர் தஸ்நேவிஸ் இன்று 11.10 மணிக்குத் தங்கள் குழந்தையின் கண்களைப் பார்த்தார். கண் நலம்.'

தங்கபுஷ்பம் போனைப் பார்த்தாள். எதிரே, டார்ச்சும் கையுமாக, பூ வைக்காமல், மூச்சு வாங்க நின்றவளைப் பார்த்தாள். பிறகு போனை அரிசிப் பானைக்குள் போட்டு மூடிவிட்டு, பிள்ளையோடு வந்து ஸ்கூட்டரில் ஏறினாள்.